பாங்காக்கிலிருந்து ஐந்தரை மணி நேரம்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு விமான ஏஜெண்டு ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். பாங்காக்கிலிருந்து ஆகாய வழியில் சுமார் அறுநூறு மைல். அந்நாளைய விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம். புறப்பாட்டுத் தந்தி வந்ததும், இங்கே இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டு பாயான் லெப்பாஸ் விமான மைதானத்துக்குச் சொல்வது என் வேலை.

அன்று விமானம் பாங்காக்கில் தாமதமாக, பகல் ஒன்று பத்துக்குத்தான் கிளம்பியது. ஐந்தரையைக் கூட்டினேன். ஆறு நாற்பது. வெளிச்சம் இருக்கும். மைதானத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டிக்குப் போன் செய்து, எண்ணெய் விளக்குகள் வேண்டாம் என்றேன்.

ஆறேகாலுக்கு ஒரு செட்டியார் வந்தார். அவருடைய தம்பி அந்த விமானத்தில் இருந்தார். ஆறு நாற்பது என்று சொன்னதும் தம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் முக்கா மணி இருக்கே."

"இருபத்தஞ்சு நிமிஷந்தான் செட்டியாரே. உங்க கடிகாரம் பின்னால போகுது."

"நல்லாத்தான் ஓடுது கிராணி. நேத்துத்தான் ரயில்ல வந்தேன், இன்னும் திருப்பி வைக்கல. இது பாங்காக் மணி."

உடனே தந்தியை எடுத்துப் பார்த்தேன். தந்தியில் இருந்ததும் பாங்காக் மணிதான். அந்நாளில் நம் மணி அதற்கு இருபது நிமிடம் முன்னால். விமானம் ஏழு மணிக்குத்தான் வரும். ஏழு மணிக்கு மைதானம் இருட்டாகிவிடும்.

போனை எடுத்தேன்.

"அண்ணே, விளக்கு வைக்கணும்."

"வெளயாடுறீங்களா கிராணி? வேணாம்னு சொன்னீங்கன்னு ஆளுங்கள அனுப்பிட்டேன்லா. பிளேன் லேட்டா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொன்னால் அவர் நிதானமாகக் கிளம்புவார்.

"லேட் இல்ல. நான் தப்பாக் கூட்டிட்டேன். சரியா ஏழு மணி."

"அடப்பாவி மனுசா!"

ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினார். நான் வைக்கவில்லை. தகரம் உருளும் சத்தம் கேட்டது. யாரையோ கூவி அழைத்தார். பிறகு ஒன்றுமில்லை.

"என்ன சொல்றாக?" என்றார் செட்டியார்.

"யாரும் பேசல."

ஆறு ஐம்பத்தெட்டுக்குப் போனில் இயந்திர இரைச்சல் கேட்டது. நெருங்கி, தாண்டிப் போய்த் தேய்ந்தது. செட்டியார் என் காதோடு தம் காதை ஒட்டிக்கொண்டார். மறுபடி வந்தது, மறுபடி தேய்ந்தது. மூன்றாம் முறை வந்து சட்டென்று நின்றது.

"கிராணி, இருக்கீங்களா?" முனியாண்டிக்கு மூச்சு வாங்கியது. "எட்டு வெளக்குல அஞ்சுதான் ஏத்த முடிஞ்சது. எறங்கிட்டாங்க. அதுல வந்த செட்டியாரு ஒருத்தரு புல்லுல ஒக்காந்து வாந்தி எடுக்குறாரு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு."

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதி மேனேஜர் துரையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றே கேட்டார்: "இதற்கு முன் எத்தனை பாங்காக் தந்தியை இப்படிக் கூட்டினாய்?"

பதிவேட்டைப் புரட்டினேன். பதினொன்று. சிங்கப்பூர்த் தந்திகளில் பழகிய கை. அங்கும் இங்கும் ஒரே மணி. பாங்காக் விமானங்களோ நல்ல பகலில் வந்தவை. ஒவ்வொன்றும் இருபது நிமிடம் பிந்தி வந்திருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் என் கையெழுத்தில் 'எதிர்காற்று' என்று இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, தந்தியைப் பார்த்ததும் அது எந்த ஊர் மணி என்று முதலில் எழுதிவிட்டுக் கூட்டுங்கள். ஒரே அளவு தாமதம் மூன்று முறை வந்தால், காற்றை விட்டுவிட்டு உங்கள் கணக்கைப் பாருங்கள்.