வரிசைப்படி வெந்நீர்

சிரிக்காதவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று நம்பிய முட்டாள் நான். அதுவும் கொடைக்கானலில், விடியற்காலை ஐந்து மணிக்கு, பல் தந்தியடிக்கிற மார்கழியில்.

எழுபதுகளின் கடைசி. ஏரிக்குப் போகிற வழியில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். அதற்கு என் தகுதிகள் இரண்டு: முதலாளிக்கு நான் தூரத்துச் சொந்தம், என்னிடம் ஒரு கோட்டு இருந்தது. அது என் அளவுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

குழாயில் வெந்நீர் வராத காலம். பின்கட்டில் விறகடுப்பின் மேல் பெரிய அண்டா. அங்கிருந்து அறைகளுக்கு வாளி சுமப்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சாயங்காலம் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "காலையில எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்பார். எதிலும் எழுதிக்கொள்ள மாட்டார். மறுநாள் ஏழாம் அறை, அப்புறம் இரண்டு, அப்புறம் பதினொன்று என்று வாளிகள் தாறுமாறாகப் போகும். தாறுமாறு என்பது என் அபிப்பிராயம்.

ஒருநாள் முதல் அறையில் தங்கியிருந்த மெட்ராஸ்காரர் என்னிடம் வந்து, ஒன்றாம் நம்பருக்கு ஏன் கடைசியில் தண்ணீர் வருகிறது என்று கேட்டார். நான் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவரு ஒம்பது மணி வரைக்கும் தூங்குறாருங்க தம்பி. வெள்ளனே கொண்டுபோயி வச்சா ஆறித்தான் கெடக்கும்."

கோட்டுப் போட்டவன் இந்தப் பதிலை ஏற்கலாமா? மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் சிப்பந்திகள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டே குட் மார்னிங் சொன்னதை நான் பார்த்திருந்தேன். மறுநாளே சட்டம் போட்டேன். ஐந்து மணிக்கு வேலையாட்கள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். நான் பேர் கூப்பிடுவேன். பிறகு வெந்நீர், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, வரிசைப்படி. கதவு திறந்ததும் சிரிப்பு.

முதல் நாள் அண்ணன் கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு நின்றார். "பெரட்டுங்களா, தொரை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாடம் ஏறுகிறது என்று நானும் சிரித்தேன். துரை என்றது வேறு உள்ளுக்குள் இனித்தது. பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது, அதில் நின்று வெறுத்துப்போய் வந்தவர் அவர் என்பதெல்லாம், அறை பெருக்குகிற அக்கா சொல்லிப் பிறகுதான் தெரிந்தது.

அவர் என் சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. சாயங்காலம் கதவு தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அது சட்டத்தில் இல்லையே.

வத்தலக்குண்டிலிருந்து ஒரு டீச்சரம்மா மாதம் ஒருமுறை வருவார். மகள் இங்கே ஹாஸ்டலில் படித்தாள். சனி, ஞாயிறு தங்கி, திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் பஸ் பிடித்தால்தான் பள்ளிக்கூட மணிக்குப் போய்ச் சேர முடியும். குளிக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் அல்ல. அந்த மாதம் அவருக்குப் பன்னிரண்டாம் அறை. வரிசைப்படி வெந்நீர் போனபோது மணி ஐந்தே முக்கால். குளித்துவிட்டு ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது.

அடுத்த மாதம் அவர் எங்கள் வாசலைத் தாண்டி எதிர் லாட்ஜுக்குப் போனார். அந்த வாரம் முதலாளி வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"நாலு வருசமா வந்த அம்மா எங்கடா? அடுத்த மாசம் அவுக கையெழுத்து இதுல இல்லேன்னா, உன் கையெழுத்தும் இருக்காது. உங்க ஊரு அய்யம்பாளையத்துக்கே திரும்பிப் போயி தேங்கா பொறுக்கு."

அடுத்த முறை டீச்சரம்மா வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன். தண்ணீர் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"தாமதம் என்னைக்காவது ஆகுறதுதான் சார். அந்த அண்ணன் வாளியோட வந்து நின்னு சிரிச்சாரு பாருங்க, அதான் பயந்துபோயிட்டேன். நாலு வருசத்துல அவர் சிரிச்சு நான் பார்த்ததில்ல. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையோ?"

"இல்லீங்க. நான்தான் சிரிக்கச் சொன்னேன்."

அவர் என் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். "முன்னெல்லாம் சாயங்காலமே வந்து எந்த பஸ்ஸுன்னு கேப்பாரு. அப்புறம் நான் நிம்மதியாத் தூங்குவேன். அவரு பழையபடி கேக்குறதா இருந்தா ரூம் போடுங்க. இன்னைக்கே வர்றேன்."

லாட்ஜுக்கு நடந்து வருகிற ஏற்றத்தில்தான் எனக்கு மூச்சோடு சேர்த்து விஷயமும் முட்டியது. அவருடைய வேலை தண்ணீர் சுமப்பது. கேட்பது யாரும் கொடுத்த வேலை அல்ல, அவராகச் சேர்த்துக்கொண்டது. ஒரு வாடிக்கையாளர் நிம்மதியாகத் தூங்கியது அந்தச் சேர்த்துக்கொண்ட பகுதியால்தான். என் சட்டம் அதை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்திருந்தது. இனி கேளுங்கள் என்று நான் உத்தரவு போட்டால் அவர் கேட்பார்தான். சிரித்தாரே, அதேபோல.

பின்கட்டுக்குப் போனேன். அண்ணன் அடுப்பின் முன் குத்துக்காலிட்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். குளிர் நறுக்கென்று பிடித்தது. பெரட்டு நின்றுவிட்டது, வரிசை வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம் என்றேன். டீச்சரம்மா பஸ்ஸைத் தவறவிட்டது என்னால்தான் என்றும் சொன்னேன். அவர் ஊதுகுழலை எடுத்து ஒருமுறை ஊதினார். புகை முழுக்க என் முகத்துக்கு வந்தது. வேண்டுமென்றே ஊதியிருந்தாலும் நியாயம்தான்.

பேசாமல் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சரம்மா வந்துருக்காங்கண்ணே. நாளைக்கு மொதத் தண்ணி எந்த ரூமுக்கு?"

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"ரூம்ல கேட்டுட்டுச் சொல்றேன், தம்பி."