குதிரைக்கார சாமியின் பாம்பு

போன மாதம் மகளும் மருமகனும் என்னைக் கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டேவுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்றுதான். நான் இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். காலையில் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு வரவேற்பறைக்குப் போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்து போகிறேன். "என்னம்மா, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று மகள் கேட்டாள். அந்த அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதுதான் என்னை உட்காரவிடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பலகையில் தீட்டிய பழங்காலத்துப் படம். வெள்ளைக் குதிரை, சிவப்புப் போர்வை, கையில் ஈட்டியோடு ஒரு வீரர். கீவறுகீஸ் புண்ணியாளர். மலையாளத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பாம்பு பயம் போக்குகிற புனிதர். ஈட்டி கீழ்நோக்கிப் பாய்ந்து நிற்கிறது. அது குத்துகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் மரம். படத்துக்குக் கீழே ஓர் அட்டையில் எழுதியிருந்தார்கள்: 'காலப்போக்கில் பாம்பின் உருவம் அழிந்துவிட்டது.' பாவம் காலம், அதன் தலையில்தான் எவ்வளவு பழியைப் போடுகிறோம்! அந்தப் பாம்பை அழித்தது நான். இந்த வலது கைக் கட்டைவிரலால்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடம் ஏலக்காய் ஸ்டோர். பறித்த காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற இடம். எல்லாருக்கும் ஏலக்காய் வாசனை என்றால் கல்யாணப் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு இடுப்பு வலிக்கும். விடியுமுன் காய் பறிக்கிற கூலிப் பெண்களோடு கம்பத்திலிருந்து ஜீப் கிளம்பும். பத்துப் பேர் உட்காருகிற வண்டியில் பதினாறு பேரை அடைப்பார்கள். நானும் என் கூட்டாளி பவுனுத்தாயியும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான். முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் பிடித்து வைப்பாள். மத்தியானம் என் குழம்பை வாங்கிக்கொண்டு அவளுடைய ஊறுகாயைத் தருவாள். நஷ்டம் எனக்குத்தான், அதைச் சொன்னால் சிரிப்பாள்.

ஏலக்காய் உச்சியில் காய்க்கிற சாமான் இல்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். குனிந்து சருகுக்குள் கையை விட வேண்டும். அதே சருகுக்குள்தான் விரியனும் படுத்திருக்கும். அதனால் காட்டுக்குள் இறங்குமுன் எல்லாரும் ஸ்டோரில் மாட்டியிருந்த குதிரைக்கார சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போவோம். வேலைக்குப் போன முதல் வாரமே என் கைக்கடியில் குளிராக ஏதோ நெளிந்து போனது. கடிக்கவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

காய்ச்சலில்தான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. எல்லாரும் மேலே இருக்கிறவரையே கும்பிடுகிறார்களே, கீழே கிடப்பதை யாராவது யோசித்தார்களா? இத்தனை வருஷமாக வாயில் ஈட்டியைச் சொருகி வைத்திருந்தால் பாம்புக்குக் கோபம் வருமா, வராதா? குதிரைமேல் இருக்கிறவரை அது என்ன செய்துவிட முடியும்? குனிந்து காய் எடுக்கிற நம்மிடம்தானே காட்டும்? காய்ச்சல் விட்ட மறுநாளிலிருந்து மடியில் மஞ்சள் கொண்டுபோனேன். மற்றவர்கள் வெளியே இறங்கியதும் பாம்பின் தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிவிடுவேன். பாலுக்கு எங்கே போக? பால் சேர்க்காத கட்டன்சாயாவில் விரலை நனைத்துக்கொண்டேன்.

ஸ்டோரைக் கூட்டுகிற வேலை பவுனுத்தாயிக்கு. அவள் மட்டும்தான் பார்த்தாள். "அடியே, குத்துறவுகளக் கும்புடாம குத்துப்பட்டதப் போயிக் கும்புடுற. நீ என்ன ரகம்டி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து அவளே வந்து, "எனக்கும் சேத்துத் தடவு" என்றாள். சிரிக்காதீர்கள். மூன்று வருஷம் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பூச்சிகூடத் தொடவில்லை.

புண்ணியாளர் பெருநாளுக்காக ஒரு தடவை எஸ்டேட் முதலாளியம்மா படத்தை இறக்கித் துடைத்தார்கள். நாங்கள் கொச்சம்மா என்போம். துடைக்கத் துடைக்க மஞ்சள் வந்தது. மஞ்சள் போனதும் பார்த்தால் பாம்பே இல்லை. அவர்கள் தாத்தா காலத்துப் படமாம். கொச்சம்மா தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அது இன்னொருத்தர் வீட்டுச் சாமி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கங்காணி எங்களை வரிசையாக நிறுத்தினார். "யாரு செஞ்சதுன்னு சொல்லிருங்க. அவுக அழுறாக, பாத்தீகள்ல?" ஸ்டோருக்குள் எந்நேரமும் புழங்குகிறவள் யார்? கொச்சம்மாவின் கண் நேராகப் பவுனுத்தாயியிடம் போனது.

அவள் என்னைப் பார்த்தாள். 'நாந்தேன்' என்று நான் சொல்லி முடிக்க அந்த நேரம் போதும். எனக்கு வயிற்றில் நாலு மாசம், வீட்டுக்காரருக்கு வேலையில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டியதுதான். "ஆமா, நாந்தேன்" என்றாள் பவுனுத்தாயி.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. இறங்கும்போது, "நாளைக்கி எனக்கு எடம் புடிக்க வேணாம்டி" என்றாள். அவ்வளவுதான்.

வேலை போய், அவள் திருப்பூருக்குப் பிழைக்கப் போனாள். நான் தையல் கற்று, பழனிசெட்டிபட்டியில் கடை போட்டு, தலையெடுத்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். தீபாவளித் துணி குவிந்துவிடும். போன வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் அவளுடைய தங்கச்சியைப் பார்த்தேன். "அக்கா தவறிப்போயி ரெண்டு வருசமாச்சே, தெரியாதா?" என்றாள். வாங்கிய வளையலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் மரம் மாதிரி நின்றேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ஹோம்ஸ்டே நடத்துகிற பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொச்சம்மாவின் பேத்தி. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கையைத் தட்டினாள். "ஐயோ ஆன்ட்டி, எந்தொரு கதை! அட்டையை மாத்தி எழுதுறேன். உங்க பேர் போடலாமா?"

"போடு. பவுனுத்தாயி செய்யலைன்னும் எழுதும்மா" என்றேன்.

"அது யாரு ஆன்ட்டி?"

பழி போட்ட வீட்டிலேயே அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சொன்னேன், எழுதினாள், என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். இரண்டு தடவை வாசித்தேன். பவுனுத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. வழியில் வருகிற போர்டையெல்லாம் நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்வேன். இருந்திருந்தால் இதையும் வாசித்துச் சொல்லியிருப்பேன்.