புத்தர் கோயிலில் எனக்கு விழுந்த சீட்டு

தையல் ஆலையை விட்டுவிட்டு ஓட்டல் வேலைக்குப் போகலாமா என்று எங்கள் கோயில் முருகனிடம் மூன்று மாதமாக வேண்டிக் கேட்டும் பதில் வரவில்லை. அதனால் இன்று, மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் புத்தர் கோயிலுக்குக் குறி கேட்கப் போனேன்.

எண் போட்ட குறிக் குச்சிகள் நிறைந்த மூங்கில் குவளையைக் குலுக்கினேன். ஒரு குச்சி விழுந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சீன அம்மா அந்த எண்ணுக்குரிய சீட்டைத் தந்தார். முழுக்கச் சீன எழுத்து.

“என்ன போட்டிருக்கு?” என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டேன்.

“எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. உங்க கோயில் ஐயர் சொல்ற மந்திரம் உனக்குப் புரியுதா?”

சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

சீனாவிலிருந்து எங்கள் ஆலைக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்தாள், சிரித்தாள், என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குக் கிரியோல் தெரியாது.

திங்கட்கிழமை ஓட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று யாராவது சொல்லுங்களேன்.