அழகமுத்து ஓடிப்போன கதை

ருவான்வெல்லைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் அழகமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. பால் வெட்டுவதில் கெட்டிக்காரர் என்பதற்காக அல்ல. அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அவரைப் பிரபலமாக்கியது அவருடைய வாய். "எங்க வம்சத்துல ஓடிப்போன ஆளு கிடையாது" என்று ஒரு பேச்சு வைத்திருந்தார். கல்யாண வீடோ சாவு வீடோ, எதைப் பேசினாலும் சுற்றி வளைத்து அங்கே வந்துதான் நிற்பார்.

தோட்டத்தில் அந்தப் பேச்சுக்குப் பெறுமதி உண்டு. ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், ஆபீசுக்குப் போய்ச் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் தன் பேரை வெட்டச் சொல்லி, அதற்கான துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் நாலு பேர் பார்க்கப் போக வேண்டும். அதுதான் மரியாதை. சொல்லாமல் கொள்ளாமல் போகிறவன் ஓடிப்போனவன். அந்தப் பட்டம் ஆள் செத்தாலும் போகாது. லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் குடியிருந்த ஐயாவு இளவட்டத்தில் கங்காணிக்குப் பயந்து ஒரு தடவை ஓடி, போன இடத்தில் வயிறு காய்ந்து திரும்பி வந்தவர். பாவம், அன்றிலிருந்து அழகமுத்துவின் வாயில் அரைபட்டார். "என்னா ஐயாவு, புதுச் செருப்பு போட்டிருக்கே, எங்க ஓடப் போறே?" என்பார் அழகமுத்து. ஐயாவு சிரித்துக்கொண்டே போய்விடுவார். உள்ளுக்குள் எப்படி எரிந்ததோ, யார் கண்டது!

இவ்வளவு பேசுகிற அழகமுத்துவின் தகரப் பெட்டியில் இந்தியப் பாஸ்போட் ஒன்று இருந்தது. அவர் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் கை காட்டுவார். தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்த காலத்தில் அவருடைய அப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்கு மனுப் போட்டார். பதில் வருமுன் அப்பா கண்ணை மூடிவிட்டார். பாஸ்போட் மகனுக்கு வந்தது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முறை வரும்வரை இங்கே வேலை செய்யலாம் என்று அதில் ஒரு விசா. எந்தத் தோட்டத்தில் வேலை என்பதும் அந்த விசாவிலேயே குத்தியிருந்தது. பிறந்த மண்ணில் வெளிநாட்டுத் தொழிலாளி! இதற்குச் சிரிக்கிறதா, அழுகிறதா, நீங்களே சொல்லுங்கள்.

பஸ் கண்டக்டர்கூட மிச்சக் காசு கொடுக்கும்போது, "கவதத யன்னே?" என்பார். எப்போது போகிறாய் என்று அர்த்தம். கெட்ட மனசோடு கேட்பதில்லை. இன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான். அழகமுத்துவும் நல்ல சிங்களத்தில், சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவருடைய மனைவி அங்கம்மா குருவிட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவளுடைய அப்பா இலங்கைக்கு மனுப் போட்டவர்; கிடைத்தும் விட்டது. ஆக, ஒரு பாயில் படுக்கிற இரண்டு பேருக்கு இரண்டு தேசம். கல்யாணம் முடிந்தும் அவள் ருவான்வெல்லைக்கு வரவில்லை.

"நீங்க போற ஆளுங்க. ஒங்க காம்பராவ நம்பி நான் எப்படிங்க வர்றது? ஒங்களக் கப்பல்ல ஏத்துன மறுநாளே எங்களயும் வெளிய போகச் சொன்னா, புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

அவள் சொன்னதில் என்ன பிழை? ஞாயிற்றுக்கிழமைகளில் அழகமுத்து அவிசாவளையில் பஸ் மாறி, குருவிட்டைக்குப் போய், சாயந்தரமே திரும்பி வந்தார். மூன்று வருசம் இப்படியே ஓடியது. மகளுக்கு அவர் விருந்தாளி. அவரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மற்ற எதையும் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு அது ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. கப்பல் இந்த வருசமோ அடுத்த வருசமோ, அதுவரைக்குமாவது அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட வேண்டும் என்று ஏங்கினார்.

எழுபத்தாறாம் வருசம் பொங்கல் கழிந்ததும் அங்கம்மாவின் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. அழகமுத்து நேரே பெரிய கிளாக்கர் பஞ்சலிங்கத்திடம் போய், "பேர வெட்டிக் குடுங்க ஐயா, முறையாப் போறேன்" என்றார். பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். செக்ரோலில் ஒரு புள்ளி இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது. கேட்டபடி பேரை வெட்டித் துண்டு எழுதிக் கொடுத்தார். பகல் வெயிலில், எல்லாரும் பார்க்க, அழகமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வாய் சும்மா இருக்குமா? "நல்லாப் பாத்துக்க ஐயாவு, மனுசன் எப்படிப் போறான்னு" என்றுவிட்டுத்தான் போனார்.

குருவிட்டைத் தோட்டத்து ஆபீசில் துண்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாஸ்போட்டை விரித்ததும் தலையாட்டல் நின்றுவிட்டது.

"பேர் வெட்டியாச்சா?" என்று அங்கிருந்த கிளாக்கர் கேட்டார்.

"ஆமாங்க. முறையா வெட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

"அதுதான் வினை. பாஸ்போட் ஆளுன்னா அங்க வேலையில இருக்கும்போதே ரெண்டு தோட்டமும் கொழும்புக்கு எழுதி, விசாவை மாத்தணும். இப்ப ஒனக்கு வேலை முடிஞ்சுது. வேலை முடிஞ்சா விசாவும் முடிஞ்சுது. இந்தத் துண்டோட கொழும்புக்குப் போனா, அடுத்த கப்பல்லயே ஏத்திடுவாங்க."

பாட்டன் காலத்திலிருந்து எது மரியாதை என்று சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் அழகமுத்து செய்தார். அதுவே காலை வாரிவிட்டது. வெளியே அங்கம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விசயத்தைச் சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது. அன்றைக்கே பெட்டியோடு ருவான்வெல்லைக்குத் திரும்பப் பஸ் ஏறினார்.

பஞ்சலிங்கம் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எட, நானும் யோசிக்கேல்லையே! நீ கேட்டாய், நான் வெட்டிப்போட்டன்."

"மறுபடி எழுதிட முடியாதாங்க ஐயா?"

"நீ கேட்டு வெட்டினது எண்டால் அது முடிஞ்ச காரியம். திரும்ப எழுதேலாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. நீ ஒருத்தருக்கும் சொல்லாமல் போனாய், ஆளைக் காணேல்லை எண்டு நான் அவசரப்பட்டு வெட்டிப்போட்டன் எண்டால், அது என்ரை பிழை. என்ரை பிழையை நான் திருத்தலாம். உன்ரை பேர் திரும்ப ஏறும். விசா மாத்தவும் எழுதலாம்."

"அப்ப நான்..."

"நீ ஓடிப்போனவன். துரை பெரட்டிலை எல்லாருக்கும் முன்னாலை கேப்பார். நீ ஓம் எண்டு சொல்லவேணும். செக்ரோலிலையும் அப்பிடித்தான் எழுதுவன்."

பொய் சொல்வதுகூட அழகமுத்துவுக்குப் பெரிதில்லை. இந்தப் பொய்யா? செத்துப்போன அப்பா, பாட்டன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அவர்கள் முகத்தில் கரி பூசுகிற பொய்யல்லவா! அவர் யோசித்ததையெல்லாம் பஞ்சலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் சந்தோசமே? இவ்வளவு காலத்திலை செக்ரோலிலை பிழை விட்டவன் எண்டு துரைக்கு முன்னாலை நானும்தான் நிக்கப்போறன்" என்றார்.

"சரிங்க ஐயா, எழுதுங்க" என்றார் அழகமுத்து. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டமே நின்றது. தோட்டத்தை நடத்துகிற துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "நீ சொல்லாம ஓடிப்போனதா?"

அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அழகமுத்து பகலில் பெட்டியோடு போனதைப் பார்த்தவர்கள்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாங்க தொரை. ஓடிட்டேன்."

"எங்கே ஓடினது?"

"பொண்டாட்டி புள்ளகிட்டப் போனேங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே ஐயாவு திரும்பி, "எவன்டா சிரிக்கிறது? நான் பயந்து ஓடுனவன். அந்த மனுசன் பாசத்துல ஓடியிருக்காரு. ரெண்டும் ஒண்ணாடா?" என்று சத்தம் போட்டார். அழகமுத்துவுக்கு அந்த இடத்திலேயே மண் பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது. ஐயாவு திருப்பி ஒரு கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். களம் கலைந்ததும் அழகமுத்து ஐயாவு பக்கத்தில் போய் நின்றார். "வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள மரத்துக்குப் போவம்" என்று ஐயாவுதான் கூட்டிக்கொண்டு போனார்.

பஞ்சலிங்கம் எழுத வேண்டியதையெல்லாம் எழுதினார். கொழும்பிலிருந்து பாஸ்போட் திரும்பி வரச் சித்திரை வருசப்பிறப்பு கடந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், விசாவில் குருவிட்டைத் தோட்டத்தின் பேர். கப்பல் வரும்வரைதான், ஆனாலும் அந்தப் பேர்.

இந்தத் தடவை அழகமுத்து போகும்போது யாரிடமும் பெருமை பேசவில்லை. குருவிட்டைக்குப் போய்ச் சேர்ந்து, பேர் பதிந்து, அங்கம்மாவின் காம்பராவில் பெட்டியை இறக்கி வைத்தார். மகள் வழக்கம்போல அம்மாவின் சேலைக்குள் போனாள். இதுவரை அங்கம்மாவிடம் சொல்லாமல் மறைத்ததை அப்போதுதான் சொன்னார். பெரட்டில் நின்றது, துரை கேட்டது, தான் சொன்னது, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"ஓடிப்போனவன்னு எழுதியாச்சு அங்கம்மா. எங்க வம்சத்துலயே நான்தான் மொத ஆளு. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போறது?"

அங்கம்மா தேறுதல் சொல்வாள் என்று நினைத்தார். அவளோ மகளை இறக்கிவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒங்கள பஸ் ஏத்திவுட்டுட்டு, நான் எப்படி இந்த ரோட்டுல நடந்து வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? புள்ள பொறந்த அன்னிக்கே ஓடி வந்திருக்கக் கூடாதா?"