பனிக்காலத்தில் இரண்டு மந்திகள்

எழுபதுகளின் நடுவில் ரொறொன்ரோவில் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் கூடு கழுவும் வேலை செய்தேன். ஒக்டோபரில் இலங்கையிலிருந்து இரண்டு மந்திக் குரங்குகள் வந்தன. ஓர் ஆண், ஒரு பெண். ஊதா படிந்த கறுத்த முகம், கன்னத்தில் வெள்ளைத் தாடி.

"இந்த இனம் உன் நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. அங்கேயும் காடு குறைகிறது," என்று மிருக வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னார். யாரோ தங்கள் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அவை இலை தின்னும் சாதி. முதலில் மல்பெரி இலை பறித்துப் போட்டோம்; குளிரில் மரங்கள் மொட்டையானதும் முட்டைக்கோவாவும் கீரையும் வைத்தோம். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. வைத்தியர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஆண் மந்தி வைக்கோலில் செத்துக் கிடந்தது. மற்றது அதன் வாலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

அன்று பின்னேரம் வீடு திரும்பும்போதுதான் அந்தச் செடி கண்ணில் பட்டது. எங்கள் மாடியில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரப் பெண் ஒருவர் கணவருடன் குடியிருந்தார். அவர் வீட்டு ஜன்னலோரத்தில், தொட்டியில் செவ்வரத்தை. ஊரில் மந்திகள் வேலி தாவி வந்து அதன் இலையைத் தின்னும். கதவைத் தட்டினேன்.

"அக்கா, உங்கட செவ்வரத்தையில கொஞ்சம் இலை தருவீங்களே?"

"செம்பருத்தியா? தலைக்குத் தேய்க்கவா?"

"இல்லை, குரங்குக்கு."

அவர் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"பூச்சி மருந்து ஏதும் அடிச்சனீங்களே?" என்று கேட்டேன்.

"அரிசி கழுவின தண்ணிதான் ஊத்துறேன்," என்றபடி கத்தரிக்கோலை எடுத்தார்.

மறுநாள் இலைகள் உறைந்துவிடாமல் கோட்டுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். வைத்தியர் பார்த்து, சரி என்றார். மந்தி தொடவில்லை. மத்தியானமும் இல்லை. நான் சாப்பிடப் போகாமல் நின்றேன். மூன்று மணியளவில் ஓர் இலையை எடுத்து, காம்பைக் கடித்துத் துப்பிவிட்டு, மிச்சத்தை மென்றது.

ஒரு கிழமையில் செடி வெறுங்குச்சியாயிற்று. அந்த அக்கா தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் பண்ணினார். பக்கத்து நகரான மிசிசாகாவிலிருந்துகூடப் பையில் இலை வந்தது. அப்படியே பனிக்காலம் கழிந்தது.

மே மாதத்தில் அக்கா மந்தியைப் பார்க்க வந்தார். கூட்டின் கண்ணாடிக்கு இப்பால் நின்று, அது இலை மெல்லுவதைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல இன்னும் எத்தனை இருக்கும்?"

"தெரியேல்லை, அக்கா. காடு குறையுதாம்," என்றேன்.