நான்கு மணிக்கு ஒரு பக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். 2009 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபம். ஊர் ஊராகப் போகும் அரசியல் சாசனக் கண்காட்சியை அங்கே வைத்திருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே சாசனத்தின் பெரிய நகல். வெளிச்சம் பட்டு மங்காமலிருக்க, தினமும் நான்கு மணிக்கு ஒரே ஒரு பக்கம் திருப்ப வேண்டும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான்.

அந்தக் கையுறை அஃப்ஸானாவுக்குக் கிடைத்தது. பழவேற்காட்டுப் பெண். பார்வையாளருக்கு விளக்கம் சொல்ல எங்கள் இருவரையும் எடுத்திருந்தார்கள். முடிவில் ஒருத்திக்கு நிரந்தர வேலை. நான் கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்தவள். எனக்குக் கொடுத்தது 'சம வாய்ப்பு' பலகை. நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவேன், அவளைப் பார்த்து வயிறெரிவேன். ஆமாம், பொறாமைதான். அதற்கென்ன இப்போது?

மணி 3.40. மழை. ஒருவரும் இல்லை. கரண்ட் போனது.

"சுகிர்தா, டீ வாங்கியாறேன். பாத்துக்கினு இரு." அஃப்ஸானா போய்விட்டாள். சாவியும் கையுறையும் மேஜையிலேயே இருந்தன.

நான்கு பக்கம் சேர்த்துத் திருப்பிவிட்டால்? பழி அவள் தலையில் விழும், வேலை எனக்கு வரும். கையுறையை மாட்டினேன். உள்ளே ஈரம்... சில்லென்றிருந்தது. பெட்டியைத் திறந்து திருப்பினேன்.

3.46. சரக்... ஒரு பக்கம் தானாகத் திரும்பி வந்தது. காற்றே இல்லை.

சரக்... சரக்... இன்னும் இரண்டு.

நான்காவதை அழுத்திப் பிடித்தேன். அடியிலிருந்து ஏதோ தள்ளியது.

விரல்கள்...

"வுட்டுடு." காதருகே பெண் குரல்.

ஓடினேன்.

வாசலில் அஃப்ஸானா. "இன்னாடி இப்டி ஓடியாற? இந்தா, உனக்கும் வாங்கியாந்தேன்." கிளாஸை வாங்கும்போதுதான் பார்த்தேன். என் கையில் கையுறை இல்லை. நான் கழற்றவே இல்லை.

நான்கு மணிக்குப் பொறுப்பாளர் துளசிராமன் வந்தார். பெட்டி பூட்டியிருந்தது. பழைய பக்கம் அப்படியே இருந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போன ஊர்லயும் நாலு பக்கம் திரும்பி இருந்திச்சி. கையுறை போட்ட பொண்ண அன்னிக்கே அனுப்பிட்டேன். அழுதுகினே போனா. ரயில்ல அடிபட்டுட்டா. அவ செய்யலன்னு அப்புறந்தான் தெரிஞ்சிது."

"கூட இருந்த பொண்ணு?"

"அவளுக்குத்தான் வேல குடுத்தோம். ஒரே வாரம். உள்ள தாப்பா போட்ட ரூம்ல, இந்தப் பெட்டி பக்கத்துல செத்துக் கெடந்தா."

என் பக்கம் திரும்பினார்.

"அந்த எடந்தாம்மா இப்ப காலி."