என் விண்கலமும் கீழ் வீட்டு மாமாவும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். மேலே நானும் என் மனைவியும், என்னுடைய ஒயர்க் குப்பையும்.

ஒயர்க் குப்பை என்பது மனைவி வைத்த பெயர். நான் சின்தசைஸர் என்பேன். பள்ளி நாட்களில் நூலகத்தில் இருந்த பழைய விண்வெளிக் கதைகளை எல்லாம் படித்துத் தள்ளியவன் நான். அந்தக் கதைகளுக்கு இசை இருந்தால் எப்படி இருக்கும் என்ற பைத்தியம் நாற்பது வயதில் பிடித்தது. மலைக்கோட்டைப் பக்கம் உதிரிபாகங்கள் வாங்கி, அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் தகரப்பெட்டி செய்து, குமிழ்களைத் திருகினால் விதவிதமாகச் சத்தம் போடும் கருவி ஒன்றை நானே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதன் முன்னால்தான் கிடப்பேன். "ராக்கெட் எப்பங்க கிளம்பும்? அதுக்குள்ள கடைக்குப் போயிட்டு வந்துடுங்க" என்பாள் மனைவி.

அந்தச் சமயத்தில் மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தார்கள். பொருத்த வந்தவர், குழாய் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கத்தும் என்று மாமிக்குச் செய்து காட்டினார். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சொல்லவே கூசுகிறது, அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. விண்கலத்தில் காற்று தீர்ந்து, தன்னந்தனியாக ஒருவன் மூச்சுக்குத் தவிக்கும் கதை ஒன்றைக் கற்பனை செய்து அதற்குத்தான் அப்போது இசையமைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் ஏது? அன்றே மேலே போய், குமிழைத் திருகித் திருகி அந்த 'பீப்' ஒலியை அச்சு அசலாகக் கொண்டுவந்தேன். பெருமை தாங்கவில்லை.

முதல் இரண்டு முறை மாமி பதறிப்போய் மாமாவிடம் ஓடியிருக்கிறார். பிறகு மேலே வந்து கேட்டார். "அது என் மியூசிக் மாமி" என்றேன் சிரித்துக்கொண்டே. "அப்படியா, சரி, தெரிஞ்சுண்டேன். நான்தான் வீணா பயந்துட்டேன்" என்று இறங்கிப் போனார். வீட்டுக்கார மாமி, நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். பீப், பீப் என்று சத்தம். பெட்டியை அணைக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று எழுந்து பார்த்தால், அதன் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். மாமி கொல்லைப்புறத்தில் நிதானமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"மாமி, மாமாவோட மெஷின் கத்துது!"

"அது உங்க மியூசிக் இல்லையோ?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த புடவையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

ஜன்னலோரம் நாற்காலியில் மாமா சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிடக் குரல் வராமல் கை மட்டும் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கால் குழாய் மேல் ஏறி நின்றிருந்தது. மாமாவோடு சேர்த்து நான் நாற்காலியைத் தூக்க, மாமி குழாயை இழுத்து நேராக்கினார். சத்தம் நின்றது. "பெருமாளே, பெருமாளே" என்று மாமி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். உதட்டில் நிறம் திரும்பப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

மாலையில் வந்து பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார். பெங்களூரிலிருந்து ஓடிவந்த மாமாவின் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தெருவே என்னைப் பாராட்டியது. மாமியோ, "அசடு நான், காதுல விழுந்தும் போகாம இருந்துட்டேனே" என்று வருகிறவர்களிடம் எல்லாம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கோழை மாதிரி பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மாமி முன்னால் போய் நின்றேன். அந்த ஒலியை மெஷினைப் பார்த்தே வேண்டுமென்று செய்தேன், தப்பு உங்கள் மேல் இல்லை என்றேன். இரண்டும் ஏதோ தற்செயலாக ஒத்துப்போனதாகத்தான் அவர் அதுவரை நினைத்திருந்தார். மாமிக்குக் கண் கலங்கியது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அந்தச் சத்தம் மட்டும் இனிமே வேண்டாம்" என்றார் கடைசியில். "மத்ததெல்லாம் வாசியுங்கோ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா, உங்க பாட்டைக் கேக்கறதுக்குன்னே இவர் நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டுண்டு உக்காந்துடுவார். அன்னிக்கும் அப்படித்தான் இழுத்திருக்கார்."

அந்த ஒலியை எழுப்பும் பாகத்தை அன்றே கழற்றி எறிந்தேன். மாமா இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். ஒரு ஞாயிறுகூட விடாமல் அவருக்காக வாசித்தேன். கதையில் மூச்சுக்குத் தவித்த ஒருவனுக்காக அவ்வளவு உருகிய நான், என் வீட்டுத் தரைக்குக் கீழேயே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மனிதரை நினைத்துப் பார்க்கவில்லையே என்பது இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது.